மெக்டவலில் சம்பளம் யாருக்கு?

வர்ஜீனியாவுக்கும் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும் இடையிலான எல்லை ஒரு மலையின் வயிற்றுக்குள் ஓடுகிறது. ஈஸ்ட் ரிவர் மலை. அதைக் குடைந்து 1974இல் சாலைக்குகை திறந்தார்கள். ஒரு மாநிலத்தில் நுழைந்து இன்னொரு மாநிலத்தில் வெளியே வருகிறோம். வெளியே வந்தால் புளூஃபீல்டு. கோடையில் வெயில் 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டால் ஊர் வர்த்தக சபை எல்லோருக்கும் இலவசமாக லெமனேட் கொடுக்கும். 1930களின் கடைசியில் தொடங்கிய வழக்கம். மதுரையில் அந்த வெயில் மாசியிலேயே வந்துவிடும். நாங்கள் போனது அக்டோபரில், ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு. லெமனேடுக்கு வழியில்லை.

மாப்பிள்ளைக்கு இந்தப் பயணத்தில் அவ்வளவு இஷ்டமில்லை. "மாமா, இலை நிறம் மாறுற சீசன். ஸ்மோக்கி மவுன்டன்ஸ் போனா போட்டோ எடுக்கலாம், மெக்டவல்ல என்ன இருக்கு?" என்று சார்லட்டில் கிளம்பும்போதே கேட்டார். தொழிலாளர் துறையில் குறைந்தபட்சக் கூலிப் பதிவேடுகளைப் புரட்டியே தலை நரைத்தவன் நான். மகள் வீட்டில் சும்மா உட்கார வைத்தால் என் கண் சம்பளப் பட்டியலைத்தான் தேடும். அமெரிக்காவில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) எந்தத் தொழிலில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், வாரச் சம்பளம் சராசரி எவ்வளவு என்று அங்குள்ள தொழிலாளர் புள்ளியியல் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகளே தாக்கல் செய்யும் கணக்கு என்பதால் ஓரளவு நம்பலாம். நம் ஊரில் இப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால் எங்கள் அலுவலக வாசலில் நின்ற தகராறுகளில் பாதி உள்ளேயே வந்திருக்காது.

வெஸ்ட் வர்ஜீனியாவின் மெக்டவல் கவுன்டிப் பட்டியலில் என்னை உட்கார வைத்தது எண்கள் அல்ல, எண் போடாமல் விட்ட கட்டங்கள். ஒரு தொழிலில் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தால் அந்தக் கட்டத்தை வெளியிட மாட்டார்கள். வெளியிட்டால் எந்த முதலாளி எவ்வளவு கொடுக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்துவிடுமே. 1950இல் 98,887 பேர் வாழ்ந்த கவுன்டி இது. 2020 கணக்கெடுப்பில் 19,111. தொழில்களும் அதே கதியில் சுருங்கியதால்தான் இத்தனை கட்டங்கள் காலி. அதை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

புளூஃபீல்டிலிருந்து யூஎஸ் 52 என்கிற சாலை மலையிடுக்குக்குள் இறங்குகிறது. வழியில் ப்ராம்வெல் என்ற சிற்றூர். நிலக்கரி முதலாளிகள் மாளிகை கட்டி வாழ்ந்த இடம். கரித்தூள் படாத தூரத்தில் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டி மெக்டவலுக்குள் போனதும் நிலம் நெருங்கி வருகிறது. இரண்டு பக்கமும் செங்குத்து மலை. நடுவில் எல்க்ஹார்ன் ஓடை, ரயில் பாதை, சாலை, மீதி இருந்தால் ஒரு வரிசை வீடு. கம்பெனி கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. வால்பாறையிலும் ஹட்டனிலும் லயத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இப்போது நாலு வீட்டுக்கு ஒன்றில்தான் திரைச்சீலை தெரிகிறது. 2025 பிப்ரவரி வெள்ளம் சில வீடுகளின் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

நார்த்ஃபோர்க், கீஸ்டோன், கிம்பல் என்று ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. நார்த்ஃபோர்க் பள்ளிக்கூடம் 1974 முதல் 1981 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மாநிலக் கூடைப்பந்துக் கோப்பையை வென்றது. அந்த உயர்நிலைப்பள்ளி இப்போது இல்லை. கிம்பலில் முதல் உலகப்போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காக 1928இல் கட்டிய நினைவுக் கட்டடம் தூண்களோடு நிற்கிறது. தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களும் இத்தாலி, ஹங்கேரியிலிருந்து குடியேறிகளும் இந்த இடுக்குக்குள் வந்து குவிந்தது ஒரே ஒரு பொருளுக்காக. போகஹான்டஸ் 3 என்று பெயரிட்ட கரிப்படுகை. எஃகு ஆலைக்கான கோக் தயாரிக்க அதைவிடச் சிறந்த கரி அரிது என்பார்கள்.

அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெல்ச் ஊரில் ஒரு பழம்பொருள் கடையில் கண்ணாடித் தட்டு நிறைய வில்லைகள். ஸ்கிரிப் என்று பெயர். நான் எடுத்தது பித்தளை, நம் பழைய நாலணா அகலம். ஒரு பக்கம் 25 என்ற எண், மறுபக்கம் கம்பெனியின் பெயர், நடுவில் எழுத்து வடிவத்தில் வெட்டிய துளை. விளிம்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. எத்தனை பேரின் சட்டைப்பையில் புரண்டிருக்குமோ. கூலியை முன்பணமாகக் கேட்டால் டாலர் தராமல் இதைத் தருவார்கள். கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும். அந்தக் கடையில் விலையை வைப்பதும் கம்பெனிதான். 25 சென்ட் வில்லைக்கு இப்போது பத்து டாலர் கேட்டார் கடைக்காரர். மாப்பிள்ளை பேரம் பேசினார், நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

கிம்பலைத் தாண்டும்போது சாலையோரம் ஒரு பெரிய காலி வாகனத் திடல். வால்மார்ட் இருந்த இடம். 2005இல் திறந்தார்கள், சுரங்கமும் அரசும் அல்லாமல் நூறு பேருக்கு மேல் ஒரே கூரையின்கீழ் வேலை கொடுத்த கடை. 2016 ஜனவரியில் உலகம் முழுக்க 269 கடைகளை மூடியபோது இதையும் மூடினார்கள். சுமார் 140 பேருக்கு வேலை போனது. அதே ஜனவரி முதல் தேதியில்தான் வெஸ்ட் வர்ஜீனியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 டாலரிலிருந்து 8.75 ஆகியிருந்தது. கூலி உயர்ந்ததால் கடை போனது என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்; கூலி ஒரு சென்ட்கூட உயராத மாநிலங்களிலும் அன்று கடைகள் மூடின. வாங்குவதற்கு ஆள் குறைந்துவிட்ட இடத்தில் கல்லாப்பெட்டிக்கு என்ன வேலை?

இங்கே கூலிக் கணக்குப் பார்த்தவனாக ஒன்று சொல்லியாக வேண்டும். குறைந்த சம்பளக்காரர்கள் 140 பேர் ஒரே மாதத்தில் வேலை இழந்தால் அந்தக் கவுன்டியின் சராசரிச் சம்பளம் என்ன ஆகும்? ஏறும். மிச்சம் இருப்பவர்கள் சுரங்கக்காரர்களும் அரசு ஊழியர்களும்தானே. யாருக்கும் ஒரு டாலர் கூடியிருக்காது, ஆனால் பட்டியலில் முன்னேற்றம் தெரியும். மறுபக்கம், ஒரு சுரங்கம் மூடினால் சராசரி இறங்கும். பில் போடும் பெண்ணின் சம்பளம் குறையாமலே 'சம்பளம் சரிந்தது' என்று செய்தி வரும். இந்த மாநிலத்தில் நிலக்கரித் தொழிலாளியின் ஆண்டுச் சம்பளம் சராசரியாக 80,000 டாலருக்கு மேல். குறைந்தபட்சக் கூலியில் வாரம் நாற்பது மணி நேரம், ஒரு நாளும் விடாமல் ஆண்டு முழுக்க உழைத்தால் 18,200 டாலர். இரண்டுக்கும் நடுவே ஏறுவதற்குப் படி இல்லை. ஃபவுண்டரி, லேத் பட்டறை, சின்ன ஃபேக்டரி என்று நடுத்தரச் சம்பளம் தரும் தொழில்கள் இங்கே வேரூன்றவே இல்லை. நிலம் முழுக்கக் கம்பெனிகளின் கையில், சமதளம் மொத்தமும் வெள்ளம் வரும் ஓடைக்கரை. யார் வந்து ஃபேக்டரி போடுவார்கள்?

வெல்ச், கவுன்டியின் தலைநகரம். டக் ஃபோர்க் ஆறும் எல்க்ஹார்ன் ஓடையும் சேரும் இடத்தில் செங்கல் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. நீதிமன்றம் மேட்டில். 1921 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொழிற்சங்கத்தின் பக்கம் நின்ற போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டை நிலக்கரிக் கம்பெனிகள் அமர்த்திய ஏஜென்ட்கள் சுட்டுக்கொன்றது அந்த நீதிமன்றப் படிக்கட்டில்தான். மனைவியோடு நிராயுதபாணியாக ஏறிக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு பிளேர் மலையை நோக்கிப் போனார்கள். சங்கம் இங்கே உறுதியாகக் காலூன்ற இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனது.

நான் அதிக நேரம் நின்றது படிக்கட்டில் அல்ல, ஊர் நடுவில் உள்ள பார்க்கிங் கட்டடத்தின் முன்னால். அமெரிக்காவில் ஒரு நகராட்சி சொந்தமாகக் கட்டிய முதல் பார்க்கிங் கட்டடம் என்கிறார்கள், 1941இல் திறந்தது. மலையிடுக்கில் இருக்கும் சின்ன ஊரில் மாடி மேல் மாடியாகக் கார் நிறுத்த வேண்டிய அவசியம் வந்திருக்கிறது என்றால் சம்பளச் சனிக்கிழமைகளில் இந்தத் தெரு எப்படி இருந்திருக்கும்! நாங்கள் போன சனிக்கிழமை தெருவிலேயே விரும்பிய இடத்தில் நிறுத்தினோம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சின்ன உணவகம். சைவம் என்றதும் பரிமாறிய பெண் "ஹனி, அப்படின்னா பின்ட்டோ பீன்ஸும் கார்ன்பிரெட்டும்தான்" என்று முடிவெடுத்துவிட்டார். வேகவைத்த பயறும் சோளரொட்டியும். மேலே வெங்காயம் நறுக்கிப் போட்டுத் தந்தார். (பீன்ஸில் பன்றிக்கொழுப்பு போடுவது இங்கே வழக்கம், கேட்டுக்கொள்வது நல்லது.) டிப்ஸ் வாங்கும் வேலைக்கு இந்த மாநிலத்தில் முதலாளி கையிலிருந்து தரவேண்டியது மணிக்கு 2.62 டாலர்தான். டிப்ஸும் சேர்ந்து 8.75க்குக் குறைந்தால் மீதியை அவர் போட வேண்டும். சட்டம் அப்படி. கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பது எந்த ஊரிலும் வேறு கதை.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், கேரி சுரங்கங்களில் வேலை பார்த்தவர். யூஎஸ் ஸ்டீல் கம்பெனி தன் எஃகு ஆலைகளுக்காகவே நடத்திய சுரங்கங்கள் அவை, 1986இல் கைவிட்டது. நான் சம்பளம் பற்றிக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திப் பேசினார். "எங்க அப்பா மண்வெட்டியால அள்ளினார். நான் மெஷின் ஓட்டினேன். இப்ப பசங்க மெஷினை எட்டி நின்னு ரிமோட்ல ஓட்டுறாங்க. கரி தீர்ந்துபோச்சுன்னு டிவியில சொன்னா நம்பாதீங்க. மலைக்குள்ள நிறைய இருக்கு. எங்களைத்தான் வேண்டாம்னுட்டாங்க."

அவர் சொன்னதுதான் இந்தக் கவுன்டியின் பொருளாதார வரலாறு. 1950இல் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் சுரங்க முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். இயந்திரம் வருவதைச் சங்கம் தடுக்காது; பதிலுக்கு உயர்ந்த கூலி, அதோடு வெட்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் 30 சென்ட் தொழிலாளர் நலநிதிக்கு. அந்த நிதியில் மருத்துவமனைகள் வந்தன, ஓய்வூதியம் வந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு நல்ல ஒப்பந்தம். ஆனால் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை அது இயந்திரத்தின் கையில் விட்டுவிட்டது. 1940களின் கடைசியில் மாநிலத்தில் சுமார் 1,25,000 சுரங்கத் தொழிலாளர்கள். 1960களின் தொடக்கத்தில் 50,000க்கும் கீழே. மெக்டவலின் மக்கள்தொகை அந்தப் பத்தாண்டில் 98,887இலிருந்து 71,359க்கு வந்தது. லூயிஸை நான் குறை சொல்ல மாட்டேன். கூலி உயர்வா, ஆள் கணக்கா என்று வந்தால் எந்தச் சங்கமும் கையில் இருக்கும் உறுப்பினருக்காகத்தான் பேசும். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் கரிக்கு மவுசு திரும்பி வந்து சரிவு கொஞ்ச காலம் நின்றது. பிறகு கேரி மூடியது. 1980இல் 49,899 பேர், 1990இல் 35,233.

1960இல் ஜான் கென்னடி இந்தத் தெருக்களில் வாக்குக் கேட்டு வந்தார். ஜெயித்ததும் உணவு முத்திரைத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். 1961 மே 29ஆம் தேதி வெல்ச்சில் ஒரு மளிகைக்கடையில் அந்தத் திட்டத்தின் முதல் முத்திரைகளைச் செலவழித்தவர் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி. பதினைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 95 டாலர் முத்திரை. அன்றிலிருந்து இன்று வரை இந்தக் கவுன்டிக்குள் வரும் பணத்தில் பெரும் பங்கு வாஷிங்டனிலிருந்துதான் வருகிறது. ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி, கருநுரையீரல் நோய்க்கான மாதத்தொகை, மருத்துவ உதவி, உணவு உதவி எல்லாம் சேர்த்தால் மக்களின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ பாதி. இதைச் சோம்பேறித்தனம் என்று பேசுபவர்கள் உண்டு. அந்தப் பெரியவரின் மூச்சை ஒரு நிமிடம் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

வேலை என்று மிச்சமிருப்பதிலும் அரசின் கைதான் அதிகம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சிறை. ஆசிரியர்களுக்குக் கோபம் வந்தது 2018இல். பிப்ரவரி 2ஆம் தேதி மெக்டவல் உள்ளிட்ட தென்கோடிக் கரிக் கவுன்டிகளின் ஆசிரியர்கள்தான் முதலில் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். மூன்று வாரத்தில் 55 கவுன்டிகளும் மூடின. மார்ச் 6ஆம் தேதி 5 சதவீதச் சம்பள உயர்வு வாங்கி, மறுநாள் வகுப்புக்குத் திரும்பினார்கள். சுரங்கத்தில் பழகிய வேலைநிறுத்தம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஜெயித்தது. ஆனாலும் வெளியூர் ஆசிரியர்கள் இங்கே தங்குவதில்லை, தங்க வீடு கிடைப்பதில்லை. அதனால் ஆசிரியர் சங்கமே முன்னின்று வெல்ச்சில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டியிருக்கிறது. காலி வீடுகள் நிறைந்த ஊரில் குடியிருக்க வீடு இல்லை என்பது முதலில் வேடிக்கையாகப் பட்டது. அந்த வீடுகளின் கூரையை அருகில் பார்த்தபின் இல்லை.

சிறையின் கதை இன்னும் விசித்திரம். வெல்ச்சுக்குப் பக்கத்தில் மலைமேல் ஃபெடரல் சிறை 2010இல் திறந்தது. நல்ல சம்பளம், ஓய்வூதியம். ஊருக்கு விடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் அப்போது ஃபெடரல் சிறைத்துறையில் பொதுவாக 37 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டியிருந்தது. வேலை போன சுரங்கக்காரர் பெரும்பாலும் அதைத் தாண்டியவர். சேர்ந்தவர்களிலும் பலர் எல்லைக்கு அப்பால், கடையும் பள்ளியும் நன்றாக இருக்கும் இடத்தில் குடியிருந்து கார் ஓட்டி வருகிறார்கள். பட்டியல் வேலை இருக்கும் இடத்தைத்தான் பார்க்கும், வீடு இருக்கும் இடத்தை அல்ல. சம்பளம் மெக்டவல் கணக்கில் ஏறும், செலவு வேறு கவுன்டியில் விழும். இன்னொன்று, 19,111 என்ற மக்கள்தொகையில் கைதிகளும் அடக்கம்.

வேலையின்மை விகிதத்தை நான் இதுவரை சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். அது வேலை தேடுபவர்களை மட்டும் எண்ணும். தேடுவதை விட்டவர் அதில் இல்லை. இங்கே 16 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் வேலையில் இருக்கிறார் அல்லது தேடுகிறார். நாடு முழுக்க அது 60 சதவீதத்துக்கு மேல். மற்ற எந்த எண்ணையும்விட இந்த ஒன்று மெக்டவலைக் காட்டிவிடும்.

உணவக வாசலில் ஒரு விளம்பரப் பலகை. வீட்டில் முதியோரைக் கவனிக்க ஆள் தேவை, பகுதிநேர கேஷியர் தேவை, நடுவில் கையால் எழுதிய ஒரு சீட்டு: சுரங்கத்துக்கு ஆள் தேவை, 'கறுப்புத் தொப்பி' மட்டும். புதிதாக வருபவர் 80 மணி நேரப் பயிற்சி முடித்துச் சிவப்புத் தொப்பி போட வேண்டும். சில மாதம் அனுபவசாலியின் கண்காணிப்பில் வேலை பார்த்த பிறகுதான் கறுப்பு. எல்லோரும் கறுப்பைக் கேட்டால் சிவப்பு எங்கே போய் அனுபவம் தேடும்? நம் ஊர் 'முன் அனுபவம் அவசியம்' விளம்பரங்களுக்கும் இதற்கும் வித்தியாசம் நிறம் மட்டும்தான்.

புதிதாகக் கொஞ்சம் காசு வருவது ஏடிவி வண்டிகளால். ஹாட்ஃபீல்டு–மெக்காய் பாதைகள் என்று பழைய சுரங்கச் சாலைகளை இணைத்து மாநிலம் 2000இலிருந்து திறந்து வருகிறது. சேறு அப்பிய நாலுசக்கர வண்டிகள் ஊர்த் தெருவிலேயே ஓடலாம், பெட்ரோல் பங்கில் காருக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. கம்பெனி வீடுகள் சில வாடகை விடுதிகளாகிவிட்டன. அறை பெருக்குவதும் பர்கர் சுடுவதும் 8.75ஐ ஒட்டிய வேலைதான், குளிர்காலத்தில் அதுவும் இளைக்கும். இருந்தாலும் இந்தத் தொழிலை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. முதலீடு உள்ளூர்க்காரருடையது, லாபமும் ஊரில் நிற்கிறது. கரியில் அது ஒருநாளும் நடக்கவில்லை.

திரும்பும்போது லெவல் கிராசிங்கில் கரி ரயில் எங்களை நிறுத்தியது. மூடியில்லாத பெட்டிகள், மேலே மழைத்துளியோடு பளபளக்கும் கரி. முன்னால் இரண்டு எஞ்சின். மாப்பிள்ளை எண்ண ஆரம்பித்து நூறு தாண்டியதும் விட்டுவிட்டார். "எங்க போகுது மாமா இவ்வளவும்?" என்றார். நார்ஃபோக் துறைமுகத்துக்கு. அங்கிருந்து கப்பலில். அமெரிக்காவின் எஃகுக் கரியை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்றேன். அவர் மறுபடி ரயிலைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புளூஃபீல்டில் ரூம் போட்டுப் பகலில் வந்து இடிந்த வீடுகளைப் படம்பிடித்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். வெல்ச்சிலேயே தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், பெட்ரோலும் அங்கேயே போடுங்கள். டிப்ஸைக் கார்டில் போடாமல் ரொக்கமாகப் பரிமாறியவர் கையில் கொடுங்கள்.